சண்டைக் கதையைத் தாண்டிப் படி

ஜனவரி 9

வாலுக்கு,

வந்து சேர்ந்துட்டேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல, இடுப்பு மட்டும் இன்னும் அந்த பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கு. அம்மா கண்ணுக்கு மருந்து விட்டுக்கறாங்களா, இல்ல பாட்டிலை அலமாரில அழகுக்கு வச்சிருக்காங்களா? நீ லென்ஸ் தேய்க்கிற கடையில அந்த முசுடு முதலாளி எப்படி இருக்காரு?

இங்க போன் எடுக்காது, மலை மறைக்குது. மளிகை லாரி வந்தா கடிதம் வரும், லாரி போனா கடிதம் போகும். எனக்கு ஒரு தகர அறை. மேலும் கீழுமா நாலு கட்டில், ஒரு மின்விசிறி, அதுவும் என் பக்கம் திரும்பாது. நல்லவேளை லேப்டாப்பைக் கொண்டு வந்தேன்.

ரூம்ல எல்லாரும் நம்ம விளையாட்டுக்கு அடிமை ஆயிட்டாங்க. பழைய காலத்து ராஜாக்கள், கோட்டை, குதிரை, வாள். ஆரம்பத்துல கையில ஒரு தடியும் நோஞ்சான் குதிரையும்தான். அதுக்கப்புறம் உப்பு வித்தாலும் சரி, வழிப்பறி பண்ணினாலும் சரி, ராஜாவானாலும் சரி, ஏன்னு கேட்க ஆளில்ல. எனக்குப் பிடிச்சதே அதுதான். பிடிக்காதது அந்த ராஜாக்களோட புத்தி. எதிரி கோட்டையைப் பாதி இடிச்சுட்டு, எவனோ விருந்து வைக்கிறான்னு படையோட கிளம்பிப் போயிடறானுங்க. இவனுங்களை நம்பி நான் ஏணி ஏறினேன் பாரு, என்னைச் சொல்லணும்.

என் தளபதிகளுக்கு ரூம்காரங்க பேரையே வச்சுட்டேன். பம்ப்காரர், சமையல்காரர், அப்புறம் கொட்டாவி. எதிர்க்கட்டில்காரன். எந்நேரமும் கொட்டாவி விட்டுட்டே இருப்பான், ஆனா தூங்கி ஒருத்தரும் பார்த்ததில்ல.

இந்நேரம் அம்மா "அதைத் தாண்டிப் படி"ன்னு சொல்லியிருப்பாங்க, நீ மனசுக்குள்ள படிச்சுட்டு இருப்பே. அதனால இதை இங்கேயே எழுதறேன். என்னை ஸ்டோர்ல போடல. சுரங்கத்துக்குள்ளதான், வடக்கு வாய்ப் பக்கம். அப்பா பாறைக்குள்ள போய் வராம போனதுக்கப்புறம் அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். அவங்களுக்கு நான் ஸ்டோர்ல கணக்கு எழுதறவன்.

யானைப்படை மோட் முடிஞ்சுதா? முடிஞ்சா மெமரி கார்டுல போட்டு அனுப்பு.

உன் அண்ணன்

ஜனவரி 28

மகாராஜா அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படித்தான்னு எழுது. பொய்யா இருந்தா அடுத்த கடிதத்துல திருத்திக்கலாம். அம்மா மருந்து விட்டுக்கறாங்க, நான் இமையைப் பிடிச்சுக்கிட்டா. மிச்ச நேரமெல்லாம் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாங்க. கண்ணை அதுக்கு மிச்சம் பிடிக்கணுமாம், அதனால கடிதம் வாசிக்கறது என் வேலை.

நீ சொன்ன மாதிரியே ஆச்சு. "ரூம்ல எல்லாரும் நம்ம விளையாட்டுக்கு" வரைக்கும்தான் போனேன், "அந்தச் சண்டைக் கதையைத் தாண்டிப் படி"ன்னுட்டாங்க. மீதியைக் கண்ணால படிச்சேன். ஏன் நிறுத்திட்டேன்னு கேட்டாங்க, ராஜா செத்துட்டான்னு சொல்லிச் சமாளிச்சேன். ஸ்டோர் வேலைக்குன்னு போனவன் ஸ்டோர்தான் வேணும்னு நின்னா என்ன, உன்னை யாரு உள்ள போகச் சொன்னது? சரி, போயிட்டே. ஜாக்கிரதையா இரு.

போன வாரம் அம்மா இந்த மோட்னா என்னன்னு கேட்டாங்க. விளையாட்டைப் பண்ணினவங்க ஒரு மாதிரி பண்ணியிருப்பாங்க, ஆடறவங்க அதுல தங்களுக்கு வேணும்கறதை வச்சுத் தைப்பாங்கன்னு சொன்னேன். "ஒட்டு வேலைன்னு சொல்லேன்"ன்னாங்க. எட்டு மாசமா நான் பண்றதை ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டாங்க.

யானைப்படை கார்டுல இருக்கு. யானைக்குத் தும்பிக்கை ஆட வைக்கவே ஒரு மாசம் ஆச்சு, குறை சொன்னா கடிச்சுடுவேன். உன் தளபதிகளை யானை மேல ஏத்தலாம், பயப்படாதே. இந்த விளையாட்டுல தளபதி சாக மாட்டான். அடிபடுவான், பிடிபடுவான், ஏதாவது ஒரு சத்திரத்துல உட்கார்ந்து உனக்காகக் காத்திருப்பான். அந்த ஒரு மரியாதைக்காகத்தான் நான் இதை விடாம ஆடறேன்.

வாலு

பிப்ரவரி 20

வாலுக்கு,

நலம். அம்மாவுக்கு என் நமஸ்காரம். ஸ்டோர்ல சாப்பாடு நல்லா இருக்குன்னு சொல்லு.

இனி உன் யானை. நீ கடிச்சாலும் பரவாயில்ல. முதல் குறை, அது தின்கிறது. படைக்கு வச்சிருந்த தானியமெல்லாம் ரெண்டே நாள்ல காலி, பம்ப்காரர் சம்பளம் வேண்டாம்னு ஓடிட்டார். ரெண்டாவது, கோட்டை வாசல். யானை உயரத்தையும் வாசல் உயரத்தையும் நீ சேர்த்துப் பார்க்கவே இல்லையா? கொட்டாவியை மேல ஏத்தி முன்னாடி அனுப்பினேன். வாசலுக்குள்ள பாதி போய் மாட்டிக்கிச்சு. முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. எதிரி அதோட முகத்துல அம்பு விடறான், என் படை மொத்தமும் அதோட பின்பக்கத்தைப் பார்த்துட்டு நிக்குது. கடைசில யானை அங்கேயே உட்கார்ந்துடுச்சு. கோட்டையை அன்னைக்கு யாரும் ஜெயிக்கல, யானைதான் ஜெயிச்சுது.

கொட்டாவி பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தான். கொட்டாவி விட வாயைத் திறந்தவன் அப்படியே சிரிச்சு, தாடை பிடிச்சுக்கிச்சு. சமையல்காரர் ஒரு தட்டு தட்டித்தான் வாய் மூடிச்சு. "என்னை இறக்கி விடுங்க, நான் போய் வளைவைத் தட்டிப் பார்த்துட்டு வரேன், அப்புறம் யானையைக் கொண்டு வாங்க"ங்கறான். அவன் வேலையே அதுதான். வெடி வச்சுப் புகை அடங்கினதும் முதல்ல உள்ள போறது அவன். நீளக் கம்பியால கூரையைத் தட்டுவான். கணீர்னா பாறை கெட்டி. பொத்துனு கேட்டா எல்லாரும் வெளியே. அவன் தலையாட்டினாதான் நாங்க உள்ள கால் வைப்போம்.

ஒரு விஷயத்துக்கு உன்னைப் பாராட்டணும். அடிபட்ட யானை திரும்பி நம்ம ஆளுங்களையே மிதிக்குது பாரு, அது நிஜம். "உண்மையான சரித்திரம்"னு ஒரு மோட் சுத்துதே, கவசத்தோட எடையெல்லாம் எழுதி வச்சுட்டு ஆடறவனைத் தூங்க வைக்குமே, அதுல இல்லாத உண்மை இதுல இருக்கு.

கொட்டாவி ஒண்ணு கேட்கிறான். சண்டைக்கு முன்னாடி போய்ப் பார்த்துட்டு வந்து, போலாம் வேண்டாம்னு சொல்ல ஒரு ஒற்றன் வேணுமாம். ராஜா கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ஆனா சொல்ல ஒருத்தன் இருக்கணும்கறான். அவனுக்கு ஒரு பொண் குழந்தை, இப்பதான் குப்புற விழுதாம். அந்தச் சேதி வந்த கடிதத்தை எங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினான்.

அண்ணன்

மார்ச் 12

யானையிடம் தோத்த ராஜாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். அம்மா கண்ணு தெளிஞ்சுடுச்சு, இப்ப என் தலையில இருக்கற பேனைக் கூட பார்க்கிறாங்க. ஆனாலும் கடிதம் வாசிக்கறது என் வேலைதான்.

வாசலை உயர்த்திட்டேன். தானியத்தைக் குறைக்க மாட்டேன், யானைன்னா தின்னும். கொட்டாவி அண்ணன் கேட்ட ஒற்றன் ரெடி. சண்டைக்கு முன்னாடி வந்து நிப்பான். "போகலாம்"பான், இல்ல "வேண்டாம்"பான். பொய் சொல்ல மாட்டான். நீ கேட்கலன்னா முகத்தைத் தொங்கப் போட்டுட்டு உன் பின்னாடியே வருவான், ஓடிப் போக மாட்டான். எழுதி முடிச்சதும் எனக்கே அவனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. உன் ரூம்காரருக்கு என் வணக்கம் சொல்லு, யோசனை அவருது. குழந்தை தவழ ஆரம்பிச்சா எழுது.

வாலு

ஏப்ரல் 18

வாலுக்கு,

தாமதமாயிடுச்சு. உடம்பு நல்லாத்தான் இருக்கு. அம்மாகிட்ட ஸ்டோர்ல வேலை அதிகம்னு சொல்லு.

புது மோட் பத்திக் கேட்டிருப்பே. ஒற்றன் சரியா வேலை செஞ்சான். வேண்டாம்னு சொன்னான். மேல இருந்து போயாகணும்னு கட்டளை வந்துச்சு. வடக்கு வாசல்ல கொட்டாவி செத்துட்டான். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. அவன் பேரை எடுத்துட்டாங்க.

வேற எழுத ஒண்ணும் இல்ல. லாரி கிளம்புது.

அண்ணன்

மே 4

அன்பு அண்ணா,

அம்மாவும் நானும் சௌக்கியம். உன் கடிதத்துக்காக அம்மா தபால்காரரையே உறவுக்காரர் ஆக்கிட்டாங்க. அவரு வர்ற நேரத்துக்குத் தண்ணி எடுத்து வச்சுட்டு நிக்கிறாங்க. வந்தது இத்தனூண்டு கடிதம். படிக்க ஆரம்பிச்சேன், முடிஞ்சுடுச்சு. இவ்வளவுதானான்னு கேட்டாங்க.

மன்னிச்சுக்கோ, தப்பு என்னோடது. ஒற்றனையும் யானையையும் சேர்த்துத் தைச்சதுல எங்கேயோ நூல் சிக்கியிருக்கு. தளபதி சாகவே கூடாது, அப்படி ஒண்ணு இந்த விளையாட்டுலேயே கிடையாது. அதோட நான் வரைஞ்ச எந்தக் கோட்டைக்கும் வடக்கு வாசல் இல்ல. ஆளையும் அழிச்சு, இல்லாத வாசலையும் காட்டியிருக்குன்னா கோளாறு பெருசு. ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து சரி பண்ணியிருக்கேன்.

இந்தக் கார்டைப் போட்டுட்டு பழைய ஆட்டத்தையே திற. கொட்டாவி எழுந்து வந்துடுவார். ஏதாவது ஒரு சத்திரத்துல உட்கார்ந்து கொட்டாவி விட்டுட்டு இருப்பார், போய்க் கூட்டிக்கோ. அவர்கிட்ட சொல்லு, வாலு உங்களைத் தெரியாம கொன்னுட்டா, திருப்பிக் கொடுத்துட்டான்னு. நீ ஆடி நிறுத்தின இடத்தோட சேவ் ஃபைலையும் கார்டுல போட்டு அனுப்பு, எங்க சிக்கிச்சுன்னு பார்க்கணும்.

வாலு

ஜூன் 2

வாலுக்கு,

கார்டு வந்தது. நீ சரி பண்ணினதை ஆடிப் பார்க்கல. நீ கேட்ட ஃபைல் அதே கார்டுல இருக்கு. அம்மாவைப் பார்த்துக்கோ.

ஒண்ணு கேட்கணும். விளையாட்டு நின்னு போச்சு. எதிர்ல ஒரு பலகை நிக்குது. "வீரன் கட்டளையை மீறித் தானாகவே உள்ளே சென்றான்"னு எழுதியிருக்கு. கீழ "சரி"ன்னு ஒரு பொத்தான், அவ்வளவுதான். அதை அழுத்தினாத்தான் மேல நகரலாம். மத்தவங்க எல்லாரும் அழுத்திட்டாங்க. என்னை தினமும் கூப்பிட்டுக் கேட்கிறாங்க.

இதுக்கு "இல்லை"ன்னு ஒரு பொத்தான் உன்னால வைக்க முடியுமா?

அண்ணன்

ஜூன் 15

அண்ணா,

சௌக்கியமான்னு கேட்க வாய் வரல.

ஃபைலைத் திறந்தேன். நீ கடைசியா ஆடினது மார்ச் மாசக் கடைசில. ஒரு கோட்டைக்கு வெளிய மழையில நிக்கிறே. பக்கத்துல யானை, மேல கொட்டாவி. உடம்புல ஒரு கீறல் இல்ல. யாரும் சாகல. எந்தக் கோளாறும் இல்ல. அந்தப் பலகையும் இல்ல. என் மோட்ல வர்ற ஒவ்வொரு வரியும் நான் எழுதினது, அப்படி ஒரு வரியை நான் எழுதவே இல்ல. இது தனியா ஆடற ஆட்டம், இதுல "மத்தவங்க" எங்கிருந்து வந்து அழுத்துவாங்க?

ஃபைலை மூடிட்டு உன் கடிதங்களை எடுத்து வச்சேன். வடக்கு வாய்னு நீ ஜனவரியிலேயே எழுதியிருக்கே. அம்மாவுக்குத் தெரியக்கூடாததைச் சண்டைக் கதைக்குள்ள எழுதுவேன்னும் எழுதியிருக்கே. உன் ரூம்காரர் செத்துட்டார்னு நீ சொன்னே, நான் உனக்கு ஒட்டு வேலை பண்ணி அனுப்பியிருக்கேன். எழுந்து வந்துடுவார்னு எழுதியிருக்கேன். அதைப் படிச்சப்ப உனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கு. புத்திசாலின்னு பேர், மரமண்டை.

என் மேல கோபமாவது படு. சும்மா மட்டும் இருக்காதே.

இல்லைன்னு ஒரு பொத்தான் என்னால வைக்க முடியாது அண்ணா. அந்த "சரி" ஒரு கையெழுத்துதானே, அது என் கையில இல்ல. கையெழுத்தைப் போட்டுட்டு உயிரோட வந்து சேருன்னு ஒரு கடிதம் எழுதினேன். கிழிச்சுட்டேன். போடாதேன்னு ஒண்ணு எழுதினேன், அதையும் கிழிச்சேன். போட்டா அந்தக் குழந்தையோட அப்பா சொல் பேச்சு கேட்காம செத்தவர்னு ஆயிடும். போடலன்னா உன்னை என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியல. எனக்குப் பயமா இருக்கு. எதைச் செஞ்சாலும் நீ என் அண்ணன்தான். என்ன நடந்துச்சுன்னு மட்டும் நேரா எழுது.

இந்தத் தடவை எழுதறப்ப ஏன் அடிக்கடி எழுந்து போய்த் தண்ணி குடிக்கறேன்னு அம்மா கேட்டாங்க.

வாலு

ஜூலை 3

வாலுக்கு,

உன் கையை வெட்ட வேண்டாம், அதுல ஒண்ணும் தப்பில்ல. நேரா எழுதணும்னுதான் ஏப்ரல்ல பேப்பரை எடுத்தேன். "என் நண்பன்"னு ஆரம்பிச்சா பேனா நகரல. விளையாட்டைப் பத்தின்னு ஆரம்பிச்சதும் எழுத வந்துச்சு. நீ எழுந்து வந்துடுவார்னு எழுதினதைப் படிச்சுட்டு அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா அழுதேன். அதுவரைக்கும் வரவே இல்ல. அதுக்காக உன்னைக் கோபிக்க முடியுமா?

நடந்தது இது. வெடி வச்சுப் புகை அடங்கிச்சு. கொட்டாவி போய்த் தட்டினான். எனக்கே கேட்டுச்சு, பொத்துன்னு. வேண்டாம்னு தலையாட்டிட்டு வெளிய வந்துட்டான். நான்தான் வாக்கி டாக்கில ஆபீசுக்குச் சொன்னேன். மறுநாள் பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க, இன்னைக்கே பாறையை அள்ளி ஆகணும், ஆளை உள்ள அனுப்புன்னு பதில் வந்துச்சு. ரெண்டு தடவை வந்துச்சு. சோறு கொண்டு வந்த சமையல்காரர் வரைக்கும் எல்லாரும் அதைக் கேட்டோம். அப்ப கொட்டாவி, "நீங்க யாரும் வராதீங்க, நான் இன்னொரு தடவை தட்டிட்டு வரேன்"னு கம்பியை எடுத்துட்டுப் போனான். போகும்போது ஒரு கொட்டாவி விட்டான். கூரை வந்துடுச்சு.

அவன் தானாகவே போனான்னு எழுதிக் கையெழுத்துக் கேட்டாங்க. பம்ப்காரர் போட்டுட்டார், சமையல்காரரும் போட்டுட்டார். அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டுல பிள்ளைங்க இருக்கு. எனக்கும் வீட்டுல நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. பேனாவைக் கையில வாங்கிட்டுக் கூட உட்கார்ந்திருந்தேன். ஆனா "உள்ள போ"ன்னு சொன்ன குரல் வந்தது என் கையில இருந்த டப்பாவுல. அதை நான் கேட்கலன்னு எப்படி எழுதறது? நான் கேட்டதை அப்படியே எழுதி, அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்னைக்கே பெட்டியை வெளிய வச்சுட்டாங்க. இனி எந்தச் சுரங்கத்துலயும் என்னைச் சேர்க்க மாட்டாங்கன்னு சொல்லி அனுப்பினாங்க.

இதை பஸ் நிலையத்துல உட்கார்ந்து எழுதறேன். நேரா அவன் வீட்டுக்குப் போறேன். அவன் மனைவி, அந்தப் பொண்ணுகிட்டயும் தானாத்தான் போனான்னு சொல்லி வச்சிருக்காங்க. விசாரணை அதிகாரி முன்னாடி நான் நேர்ல வந்து சொல்லணுமாம். சொல்றது நான் ஒருத்தன்தான். அவங்க வீட்டு விலாசம் பின்னாடி இருக்கு, பதிலை அங்க எழுது.

ஒண்ணு மட்டும். இந்தக் கடிதத்துல சண்டைக் கதை கிடையாது. அம்மாவுக்கு எதையும் தாண்டாம படி.

உன் அண்ணன்

ஜூலை 11

அன்பு அண்ணா,

நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். சாப்பிட்டோம். நீயும் சாப்பிடு.

படிச்சேன். எதையும் தாண்டல. கூரை வந்துடுச்சுங்கற இடம் வந்தப்ப அம்மா கையிலிருந்த ஊசியைப் பொத்தான் டப்பாவுல குத்தி வச்சாங்க. முடியற வரைக்கும் அதை எடுக்கல. முடிஞ்சதும், "ஸ்டோர்ல இருக்கறவன் சட்டைக் காலர்ல அவ்வளவு கல் தூசி எப்படி வரும்னு நான் கேட்கலயே, ஏன் தெரியுமா"ன்னாங்க. நடுவுல ஒரு தடவை பொத்தான் தைக்கச் சொல்லி நீ லாரில அனுப்பின சட்டையைத் துவைச்சது அவங்கதானே. அப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உன்னைச் சுமக்க வைக்கக் கூடாதுன்னு அவங்களும் நடிச்சிருக்காங்க.

அப்புறம் ரொம்ப நேரம் அழுதாங்க. நானும். அது அடங்கினதும், "முதல் கடிதத்துல இருந்து எடுத்துட்டு வா. விட்டதெல்லாம் படி"ன்னாங்க.

எல்லாத்தையும் படிச்சேன். ராஜா விருந்துக்குப் போனதைக் கேட்டு, யாரு அந்த மூதேவின்னு திட்டினாங்க. யானை வாசல்ல மாட்டி உட்கார்ந்ததைப் படிச்சப்ப அம்மா சிரிச்சாங்க அண்ணா. அழுத கண்ணோடவே சிரிச்சாங்க. தாடை பிடிச்சுக்கிட்டதையும் சமையல்காரர் தட்டினதையும் திரும்பப் படிக்கச் சொன்னாங்க. குழந்தை குப்புற விழுந்த இடத்துல போதும்னாங்க.

பீரோவிலிருந்து பையை எடுத்துத் துணி மடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்கன்னு கேட்டேன். "அந்தப் பொண்ணுகிட்ட இனிமே வர்றவங்க எல்லாரும் அவன் எப்படிச் செத்தான்னுதான் பேசுவாங்க. அதிகாரி கேட்பான், வக்கீல் கேட்பான், உன் அண்ணனும் அதைத்தான் சொல்லியாகணும். யானை உட்கார்ந்ததை யாரு சொல்லுவா"ன்னாங்க.

வெள்ளிக்கிழமை பஸ்ல வர்றோம். உன் கடிதமெல்லாம் பையில இருக்கு. விசாரணைக்கு நீ தனியாப் போக வேண்டாம், நாங்க வெளிய உட்கார்ந்திருப்போம். அதுவரைக்கும் யானைக் கதையை மட்டும் அவங்ககிட்ட நீ சொல்லிடாதே. அதை அம்மாதான் சொல்லணுமாம்.

வாலு